வன்முறையின் வேரைத் தேடிய மூதறிஞர்

சமாதானம் என்பது சண்டை ஓய்ந்திருக்கும் நிலை மட்டுமன்று. பசியும், சாதி இழிவும், குடிவெறியும் ஓர் ஊரில் இருக்கும்வரை, அங்கே அரிவாள் உறங்கினாலும் அமைதி இராது. இவ்வுண்மையை நம் சேலம், நாமக்கல் மண்ணில் செயலால் உணர்த்தியவர் மூதறிஞர் இராஜாஜி. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் இந்த விழா மலரில் அவரை நினைவுகூர்வது தகும் என எண்ணுகிறோம்.

1878 டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அவர் பிறந்தார். 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, பேரும் பொருளும் ஈட்டினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்து, 1921இல் சிறை புகுந்தார்.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, அங்கேயே குடியேறினார். மழை பொய்த்த அவ்வட்டாரத்தில் ஏழைப் பெண்கள் இராட்டையில் நூற்றுக் கூலி பெற்றனர். தாழ்த்தப்பட்டோரும் பிறரும் ஆசிரமத்தில் ஒன்றாக வாழ்ந்தனர். மதுவின் தீமையை விளக்க ‘விமோசனம்’ என்னும் இதழும் அங்கிருந்து வெளிவந்தது. எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணைநின்றார்.

1937இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், நாமக்கல்லையும் தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானா என்னாகும் என்று கேட்டோர்க்கு, 1939இல் விற்பனை வரி கொணர்ந்து விடை கண்டார். மாலையில் வாங்கிய கூலி கடையில் கரையாமல் வீடு சேர்ந்தால், அடியும் உதையும் கடனும் குறையும் என்பதே அவர் கருத்து. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறு கடந்த முதுமையிலும் அதனை எதிர்த்தார்.

அவர் செயல்கள் யாவும் மக்களுக்கு உவப்பாயிருந்தன என்று சொல்லோம். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், எதிர்த்தோரைச் சிறையிட்டதும், 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டமும் ஆழ்ந்த மனக்காயங்களை உண்டாக்கின. நல்லெண்ணத்தோடு செய்தாலும், மக்கள்மீது திணிப்பது சமாதானத்தை விளைவிக்காது என்பதும் அவர் வாழ்வு தரும் பாடமே.

1962இல் தமது 83ஆம் வயதில் அமெரிக்கா சென்று, அதிபர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் உலக அமைதி பற்றிய திருமடலை வெளியிட்டார். ஆகஸ்டில் வல்லரசுகள் வான்வெளிச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இம்முதியவர் ஒருவரால் அது நிகழவில்லை. ஆயினும் வயதைச் சாக்காகக் கூறி அவர் வீட்டில் இருந்துவிடவில்லை.

1972இல் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, 94ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! உலக அமைதிக்காகத் திருப்பலிதோறும் மன்றாடுகிறோம். நம் தெருவிலுள்ள குடியையும், கடனையும், சாதிப் பாகுபாட்டையும் களைய எத்தனை பேர் முன்வருகிறோம்? நம் இல்லத்தில் ஒரு பெண் அடிக்கு அஞ்சி மாலைப்பொழுதை எதிர்நோக்கும்வரை, நம் செபம் பாதி செபமே. மீதிப் பாதியைச் செயலால் நிறைவு செய்வோம். அதுவே இவ்விழாவில் நாம் இறைவனுக்கு அளிக்கும் காணிக்கையாகட்டும்.