ச. வெ. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 – நவம்பர் 21, 1970) ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற இந்திய அறிவியலாளர் ஆவார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்று, 1907இல் இந்திய நிதித்துறையில் சேர்ந்தார். கொல்கத்தாவில் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை ஆய்வுக்கே செலவிட்டார். 1917இல் அரசுப் பதவியைத் துறந்து, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் கொல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பொறுப்பேற்றார்.

இராமன் விளைவு

பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறுவதை, கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து பிப்ரவரி 28, 1928இல் கண்டறிந்தார். அவ்வாறு மாறிய ஒளியில் ஆற்றல் கூடிய பகுதி, வெப்பம் ஏற ஏற வலுக்கும். நிலத்தடி வெப்பத்தை அளக்கும் கண்ணாடி இழை உணரிகளுக்கு இப்பண்பே அடிப்படை. ஆழ்துளையில் இறக்கிய இழைக்குள் சீரொளித் துடிப்பு அனுப்பப்படுகிறது. திரும்பி வரும் ஒளியில் ஆற்றல் கூடிய, குறைந்த பகுதிகளின் விகிதம் வெப்பநிலையைத் தரும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஆழத்தைத் தரும். எண்ணெய்க் கிணறுகள், புவிவெப்பக் கிணறுகள், நிலத்தடி மின்வடங்கள் ஆகியன இவ்வாறு கண்காணிக்கப்படுகின்றன. ஒளியிழப்புக் குறைந்த கண்ணாடி இழை அமெரிக்காவில் உருவான 1970ஆம் ஆண்டிலேயே இராமன் பெங்களூரில் காலமானார். அவர் கண்ட விளைவு இழைக்குள் வெப்பமானியாகச் செயல்படத் தொடங்கியது 1980களில்தான்.