தோளில் பாயாத சன்னம்

கனடாவிலிருந்து வந்த பெறாமகன் சூட்கேஸைத் திறந்து, மடித்துக் கொண்டுவந்த சைக்கிளை எங்கள் முற்றத்தில் விரித்து நிமிர்த்தினான். விமானத்தில் வந்த சைக்கிளைப் பார்க்க அயல் முழுக்கக் கூடிவிட்டது. எனக்கு ஆனி லண்டன்டெரியின் நினைவு வந்தது. மடிக்க முடியாத சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றி வந்தவர் அவர்.

லத்வியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு வந்தவர். கணவர் தெருத்தெருவாகப் பொருள் விற்பவர். மூன்று சின்னப் பிள்ளைகள். 1894 ஜூனில் பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, மாற்றுடையும் கைத்துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் சைக்கிள் ஓடவே பழகியிருந்தார்! இரண்டு பணக்காரர்கள் கட்டிய பந்தயத்துக்காகவே போவதாகச் சொன்னார். 15 மாதத்தில் உலகைச் சுற்ற வேண்டும், வழியில் 5,000 டொலர் உழைக்கவும் வேண்டும். அந்தப் பந்தயமே அவருடைய கற்பனையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். கொப்சோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரை விட்டு, 100 டொலர் கொடுத்த லண்டன்டெரி ஊற்றுநீர்க் கம்பனியின் பெயரைச் சூடிக்கொண்டார்.

முதல் சைக்கிள் 42 றாத்தல். சிக்காகோ போய்ச் சேர்வதற்குள் ஆள் மெலிந்துவிட்டார். அங்கே அதைக் கைவிட்டு, 21 றாத்தல் ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். நீளப் பாவாடையும் போனது. பிரான்ஸில் இறங்கியதும் சுங்கத்தார் சைக்கிளைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அதை மீட்டு, சைக்கிளிலும் ரயிலிலுமாக மார்செய் துறைமுகம் வரை போனார். 1895 ஜனவரியில் அங்கே கப்பலேறினார். கொழும்பு, சிங்கப்பூர், ஹொங்கொங், ஜப்பான் என்று கப்பல் நின்ற இடங்களில் இறங்கி ஏறி, மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ சேர்ந்தார். சைக்கிளில் போனதைவிடச் சைக்கிளோடு போனதுதான் கூட என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் பெரிதாக எடுப்பதில்லை. கடலை யார் உழக்கிக் கடப்பது?

எனக்கு உறுத்துவது வேறு. அப்போது சீன - ஜப்பான் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மேடைகளில் ஆனி, தான் போர்முனைக்குப் போனதாகவும், தோளில் சன்னம் பாய்ந்ததாகவும், ஜப்பானியச் சிறையில் கிடந்ததாகவும் சொன்னார். கப்பல் ஓடிய நாட்களைக் கணக்குப் பார்த்தால் போர்முனைக்குப் போய்வர அவகாசமே இல்லை. கேட்டவர்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள்.

என் இடது தோளில் ஷெல் துண்டொன்று இன்னும் இருக்கிறது. 1995 ஒக்ரோபரில் நாவற்குழிப் பாலத்தால் நான் தள்ளிய சைக்கிளில் அம்மாவின் பெட்டியும் ஒரு மூட்டை அரிசியும் இருந்தன. இதையெல்லாம் சொல்லென்று யாரும் காசு தந்ததில்லை. தந்தாலும் வாய் வராது. அதனால் முதலில் இந்தப் பெண்மீது கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். சொந்தப் பெயரையே விற்றுப் புறப்பட்ட ஏழைத் தாயிடம் விற்பதற்குக் கதையைத் தவிர வேறு என்ன இருந்தது? கோபம் முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன்.

உண்மையான காயமும் அவருக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில், அயோவா மாநிலத்தில் பன்றிக் கூட்டத்தில் மோதி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடுதான் 1895 செப்டெம்பர் 12இல் சிக்காகோ வந்து பயணத்தை முடித்தார்.

பிறகு குடும்பத்தோடு நியூயோர்க் போய்ச் சில காலம் பத்திரிகைக்கு எழுதினார். இன்னொரு பிள்ளையும் பிறந்தது. 1947இல் இறந்தபோது ஊர் அவரை மறந்திருந்தது.

பெறாமகன் கேட்டுக்கொண்டே சைக்கிளைத் திரும்ப மடித்தான். உங்கட தோள் கதையை எப்ப சொல்லுவீங்கள் சித்தப்பா என்று கேட்டான். நான் பெடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.