கடற்பீச்சியை ஆராய்ந்த ஹெர்டுமன்

மன்னார் வளைகுடா என்றதும் முத்தே நம் நினைவிற்கு வரும். ஆயின், விலை பெறாத சிற்றுயிர்கள் பலவும் அக்கடலில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று கடற்பீச்சி. பை போன்ற உடலையுடைய அவ்வுயிர், ஒரு துளையால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள உணவை வடித்துக்கொண்டு, மற்றொரு துளையால் நீரை வெளிவிடும். தொட்டால் நீரைப் பீச்சும். பாறையில் ஒட்டி வாழ்வதால் முன்னாளில் அதனைச் சிப்பியினத்தோடு சேர்த்து எண்ணினர். ஆனால், அதன் இளவுயிர் தலைப்பிரட்டை போல வாலுடன் நீந்துவது. முதுகெலும்புள்ள உயிர்களுக்கு உறவுடையது.

இவ்வுயிர்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர் வில்லியம் ஆபட் ஹெர்டுமன். இவர் 1858-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே கல்வி கற்றார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் என்னும் கப்பல் கொணர்ந்த கடற்பீச்சிகளை ஆராயும் பணி இவ்விளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1881-இல் லிவர்ப்பூலில் பேராசிரியரானார்.

அந்நாளில் சென்னை அரசினர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கியவர் எட்கார் தர்ஸ்டன். அவர் மன்னார் வளைகுடாவில் திரட்டிய உயிர்களுள் கூட்டமாக வாழும் கடற்பீச்சி ஒன்று ஹெர்டுமன் கைக்கு வந்தது. அடியில் கொடி போல் ஓடும் தண்டிலிருந்து பல சிற்றுடல்கள் கிளைத்து நிற்பது அதன் இயல்பு. புதிய இனம் என்று ஒன்றனைக் கூறுதல் எளிதன்று. உடலைப் பிளந்து, மூச்சுத் துளைகளின் வரிசைகளை எண்ணி, குடலின் வளைவை நோக்கி, முன்னரே அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஹெர்டுமன் அவ்வாறே ஆய்ந்து, 1890-இல் அதனைப் புதிய இனமென நிறுவி, திரட்டியவரின் நினைவாக எக்டினாசிடியா தர்ஸ்டனி எனப் பெயரிட்டார்.

இலங்கையில் முத்துக்குளிப்புப் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. அதன் காரணத்தை ஆராய 1902-இல் அவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்பாருடன் அங்குச் சென்றார். அவ்வாராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. நாடாப்புழுவின் இளவுயிரே முத்துத் தோன்றக் காரணம் என்பது அவர் கொள்கை. பின்வந்த அறிஞர் அதனை ஏற்கவில்லை.

1916-இல் சோம் போர்க்களத்தில் அவருடைய மகன் உயிர் துறந்தான். அத்துயரிலும் அவர் தளரவில்லை. 1919-இல் தம் மனைவியாருடன் பொருள் உதவி, லிவர்ப்பூலில் கடலியலுக்கெனப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். 1922-இல் மனைவியாரும் மறைந்தார். 1924-இல் ஹெர்டுமன் காலமானார்.

பிற்காலத்தில், மேற்கிந்தியத் தீவுக் கடலில் வாழும் இதே பேரினத்துக் கடற்பீச்சி ஒன்றிலிருந்து புற்றுநோய் மருந்து கண்டறியப்பட்டது. 2007-இல் ஐரோப்பாவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. தர்ஸ்டன் பெயர் தாங்கிய இனத்திலும் அத்தகைய பொருள்கள் உள்ளமையை அறிஞர் கண்டனர். உரிய இனத்தை அவர்கள் ஐயமின்றித் தெரிந்துகொள்ளத் துணைநின்றது, முன்னோர் எழுதிவைத்த விளக்கமே. அரசு வேண்டிய முத்தைப் பற்றி ஹெர்டுமன் கூறிய கொள்கை நிலைக்கவில்லை. எவரும் வேண்டாத சிற்றுயிரைப் பற்றி அவர் பொறுமையுடன் எழுதியது நிலைத்தது. பயன் இன்று புலப்படாவிடினும், உண்மையை உள்ளவாறு ஆய்ந்து எழுதுதல் அறிஞர் கடனாகும்.