பறவைகளுக்குக் கணக்கு வைத்தவர்



சலீம் அலி என்றதும் உங்களுக்குப் பறவைகள்தான் நினைவுக்கு வரும். அவர் பம்பாய் தாவர் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என்னைப் போன்ற பி.காம்.காரர்களுக்கு அதில் ஒரு தனிப் பெருமை!

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் விளையாட்டாகச் சுட்ட குருவியின் கழுத்து மஞ்சளாக இருந்தது. அது என்ன குருவி என்று விசாரிக்கப் போன இடம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். வாழ்நாள் முழுவதும் அந்த உறவு நீடித்தது. பர்மாவில் பார்த்த குடும்ப வியாபாரம் நிலைக்கவில்லை. ஜெர்மனியில் பறவையியல் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பியபோது கையில் வேலையும் இல்லை. மனைவி தெஹ்மினாவின் துணையோடு கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கி, தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்துக் குறித்தார். பேர் வாங்கித் தந்தது அந்தக் குறிப்புதான். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது.

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலம் அவருக்கு மிகவும் பிடித்த இடம். 1938-ல் வைஸ்ராய் வந்தபோது ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்ட பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்ட இடம் அது. அதைச் சரணாலயமாகக் காக்க முன்நின்றவர்களில் சலீம் அலியும் ஒருவர். மாடுகள் மேயக் கூடாது என்பது அவர் கருத்து. 1982-ல் மேய்ச்சல் தடை வந்தது. எதிர்த்த ஊர்க்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு இறங்கத் திறந்த நீர் குறைந்தது. இதை எடுத்துச் சொன்னது வேறு யாருமல்ல, அவருடைய கழகமே 1980 முதல் பத்தாண்டு நடத்திய ஆய்வு. இறுதி அறிக்கை வருமுன், 1987 ஜூன் 20-ல் அவர் காலமாகிவிட்டார். பெரியவர் சொன்ன கருத்து என்பதற்காகக் கழகத்தார் கணக்கைத் திருத்தவில்லை. அவர் கற்றுக்கொடுத்த வழக்கம் அது.

வலசை வரும் பறவைக்குத் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. உள்ளான்களுக்குக் கணுக்கால் ஆழமும் சேறும் வேண்டும். முக்குளிக்கும் வாத்துகளுக்கு ஆழமான நீர் வேண்டும். ஆழம், புல், இரை, ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் பறவை எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்துத்தான் ஓர் இடம் ஏற்றதா என்று இன்று கணிக்கிறார்கள். அவர் பெயரில் கோவையில் இயங்கும் ஆய்வு மையமும் இத்தகைய பணிகளைச் செய்கிறது.

நம் பக்கத்து ஏரியை முழுக்கத் தோண்டி ஆழப்படுத்தி, சுற்றிலும் சிமென்ட் கரை கட்டலாம் என்று யாராவது சொன்னால் உடனே கைதட்டிவிடாதீர்கள். முதலில் ஜனவரிதோறும் ஒரே இடத்தில் நின்று பறவைகளை எண்ணுவோம். நீரின் ஆழத்தையும் கரையின் புல்லையும் குறிப்போம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வருகிறீர்களா?