சிக்னலைத் தேடாதே, இரைச்சலைத் தேடு: எட்வின் ஆம்ஸ்ட்ராங் கதை

சின்ன ஆபீஸ்ல வைஃபை விட்டு விட்டு வந்தா முதல்ல என்ன பண்ணுவோம்? ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அப்பவும் சரியாகலைனா, இன்னும் பவர் அதிகமான ரவுட்டர் வாங்கலாம்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. 1930களில் ரேடியோ உலகமும் இதே ஐடியாவைத்தான் நம்பியது. மின்னல் வெட்டினா பாட்டுக்குப் பதில் கரகர சத்தம் வரும். அதை அமுக்க டிரான்ஸ்மிட்டர் பவரை ஏத்திக்கிட்டே போனாங்க. சின்சினாட்டியில் ஒரு ஸ்டேஷன் 1934ல் 500 கிலோவாட் வரைக்கும் போச்சு. வேற வழி இருக்குன்னு காட்டியவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போனவர் இல்ல, இவர் நம்ம ஈசிஇ சிலபஸ்ல இருக்கிறவர்.

1890ல் நியூயார்க்கில் பிறந்தார். சின்ன வயசுல நோயில் படுத்ததால் கொஞ்ச காலம் பள்ளிக்கூடமே போகலை. யாங்கர்ஸில் இருந்த வீட்டின் மேல்மாடி அறைதான் அவருடைய லேப். வீட்டுப் பக்கத்தில் 125 அடி உயர ஆண்டெனா கம்பத்தைத் தானே கட்டி, தானே அதன் உச்சிக்கு ஏறுவார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிகல் படிக்கும்போது, 1912ல், ஆடியான் வால்வின் அவுட்புட்டில் கொஞ்சத்தைத் திரும்ப இன்புட்டுக்கே கொடுத்துப் பார்த்தார். சிக்னல் பல மடங்கு பெருகியது. இன்னும் கொஞ்சம் ஏத்தினா அந்த சர்க்யூட்டே ஆசிலேட்டர் ஆயிடுச்சு. அப்போ அவருக்கு வயசு 21. நம்ம வயசுதான்! பேட்டன்ட் எடுக்க அப்பா காசு தரலை, முதல்ல டிகிரியை முடிக்கணும்னு சொல்லிட்டார். அதனால் சர்க்யூட் படத்தை வரைந்து, 1913 ஜனவரி 31 அன்று நோட்டரியிடம் முத்திரை வாங்கி வெச்சுக்கிட்டார்.

முதல் உலகப்போரில் ராணுவத்துக்காக பாரிஸ் போனவர், 1918ல் சூப்பர்ஹெட்டரோடைனை உருவாக்கினார். வரும் சிக்னல் எந்த ஃப்ரீக்வென்சியில் இருந்தாலும், அதை ஒரு நிலையான இடைநிலை ஃப்ரீக்வென்சிக்கு மாத்தி, அங்கே பெருக்கும் முறை அது. பிறகு வந்த ரேடியோ, டிவி எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஓடின.

ஆனா அந்த 21 வயசு கண்டுபிடிப்பை லீ டி ஃபாரெஸ்ட் தன்னுடையதுன்னு வழக்கு போட்டார். 1934ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபாரெஸ்ட் பக்கம் தீர்ப்பு சொன்னது. மனசு உடைஞ்ச ஆம்ஸ்ட்ராங், ரேடியோ பொறியாளர் சங்கம் கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கம் வாங்க மறுத்துடுச்சு. கோர்ட் என்ன சொன்னாலும் பொறியாளர்களுக்கு உண்மை தெரியும் இல்லையா?

இதுக்கு நடுவில்தான் கரகர சத்தத்தைக் கையில் எடுத்தார். அவர் சிக்னலைப் பார்க்கலை, இரைச்சலைப் பார்த்தார். அது முக்கியமா அலையின் உயரத்தைத்தான் கெடுக்குது. அப்போ தகவலை உயரத்தில் ஏன் வைக்கணும்? ஃப்ரீக்வென்சியில் வைக்கலாமே! குறுகிய பட்டையில் எஃப்எம் பயன் தராதுன்னு 1922லேயே கார்சன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஆம்ஸ்ட்ராங் பட்டையை அகலமாக்கினார். 1933ல் பேட்டன்ட் கிடைச்சது. 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன்னாடி போட்டுக் காட்டினார். டம்ளரில் தண்ணி ஊத்தும் சத்தமும் பேப்பர் கசங்கும் சத்தமும் அப்படியே கேட்டது.

அதுவரை எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சோதனைக்கு இடம் கொடுத்திருந்த ஆர்சிஏ, அதே வருஷம் அவரை வெளியேத்திடுச்சு. அவங்க கவனம் டிவி மேல். சொந்தக் காசில் நியூஜெர்சியின் ஆல்பைனில் 400 அடிக்கு மேல் டவர் கட்டினார். 1945ல் அரசு எஃப்எம் அலைவரிசையை 88–108 மெகாஹெர்ட்ஸுக்கு மாத்தியது. மக்கள் வாங்கியிருந்த பழைய செட்டெல்லாம் வீண். ராயல்டிக்காக 1948ல் ஆர்சிஏ மேல் வழக்கு போட்டார். பணம் கரைஞ்சது, உடம்பும் மனசும் கரைஞ்சது. 1954 ஜனவரி 31, நோட்டரி முத்திரை வாங்கிய அதே தேதியில், தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். மனைவி மரியன் விடலை. வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, 1967ல் கடைசி வழக்கையும் ஜெயிச்சார்.

இப்போ நம்ம ஆபீஸ் வைஃபைக்கு வருவோம். ரவுட்டர் பவரை ஏத்தினா அதன் குரல் லேப்டாப்புக்குக் கேட்கும், லேப்டாப்பின் சின்னக் குரல் ரவுட்டருக்குக் கேட்காது. அதனால முதல்ல இரைச்சலைத் தேடுங்க. லஞ்ச் நேரத்தில் மட்டும் போகுதா? மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்யுது. பக்கத்து ஆபீஸ் ரவுட்டர் எந்தச் சேனல்? 1, 6, 11 மூணும் ஒண்ணோட ஒண்ணு மோதாது, காலியா இருக்கிறதை எடுங்க. முடிஞ்சா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிடுங்க, ஆனா சுவர் தாண்டினா அது சீக்கிரம் தேயும். புது ரவுட்டருக்குக் காசு கொடுக்கறது கடைசி வழி.

ஆல்பைன் டவர் இன்னும் நிக்குது. 2001ல் இரட்டைக் கோபுரம் விழுந்து ஆண்டெனாக்கள் போனப்போ, நியூயார்க்கின் சில டிவி ஸ்டேஷன்கள் அங்கிருந்துதான் ஒளிபரப்பின.