குளிரில் எழும்பாத எஞ்சினும் ருடோல்ப் டீசலின் வாழ்வும்

டீசல் என்றால் எரிபொருள் என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். பன்னிரண்டு வயதில் போரினால் ஊரைவிட்டுக் கிளம்பி, கடல் கடந்து, பெற்றோரைப் பிரிந்து உறவினர் வீட்டில் வளர்ந்த ஒருவரின் பெயர்.

ருடோல்ப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியாவிலிருந்து அங்கு குடியேறியவர்கள். தந்தை தோற்பொருட்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜேர்மனியர்கள் நகரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பமும் பட்டறையையும் வீட்டையும் விட்டு இலண்டனுக்குப் போனது. அங்கே எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக் காப்பாற்ற வழியில்லை. போர் முடியுமுன்பே, தந்தையின் ஊரான அவுக்ஸ்பேர்க்கில் கணித ஆசிரியராக இருந்த உறவினரிடம் ருடோல்ப் தனியாக அனுப்பப்பட்டார். பிள்ளையின் படிப்பையாவது காப்பாற்ற வேண்டும் என்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்த பெற்றோரை நாங்களும் அறிவோம்.

அந்தப் பிள்ளை படித்தது. புலமைப்பரிசில் பெற்று மியூனிக் பல்தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றது. அங்கே குளிரூட்டும் இயந்திரங்களில் பெயர்பெற்ற கார்ல் வொன் லிண்டே அவரது பேராசிரியர். நீராவி இயந்திரம் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை என்பதை டீசல் அங்கேதான் அறிந்துகொண்டார். மீதி வெப்பம் வீணாகிறது என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1880இல் மிக உயர்ந்த தேர்ச்சியுடன் வெளியேறி, லிண்டேயின் ஐஸ் தொழிலில் பல ஆண்டுகள் வேலை செய்தபோதும் அதே கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. நீராவி இயந்திரத்தைப் பெரிய தொழிற்சாலைகளால் மட்டுமே வைத்து நடத்த முடிந்தது. தந்தையைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களுக்கு அது எட்டாது. சிறியதாகவும் சிக்கனமாகவும் ஓர் இயந்திரம் கிடைத்தால் அவர்களும் தாக்குப்பிடிப்பார்கள் என்று டீசல் நம்பினார்.

அவர் கண்ட வழி எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதை நாங்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை வேகமாக நெருக்கினால் அது சூடாகும். தென்கிழக்காசிய மக்கள் சிறு மூங்கில் குழாய்க்குள் காற்றை அடித்து நெருக்கி நெருப்பு மூட்டியதும் இதே முறையில்தான். சிலிண்டருக்குள் காற்றைப் பலமாக நெருக்கி, சூடான அந்தக் காற்றுக்குள் எரிபொருளைச் செலுத்தினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். பொறி வைக்க பிளக் தேவையில்லை.

இதற்கான காப்புரிமை 1893 பெப்ரவரியில் கிடைத்தது. ஆனால் காகிதத்தில் சரியாக வந்தது இரும்பில் வரவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 10இல் அவுக்ஸ்பேர்க் தொழிற்சாலையில் நடந்த முதற் சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் தப்பியதே பெரிய காரியம். என்றாலும் நெருக்கிய காற்றில் எரிபொருள் பற்றும் என்பது அன்று உறுதியானது. 1894 பெப்ரவரி 17இல் இயந்திரம் தன் சொந்த வலுவில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது. இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்து, 1897இல், பேராசிரியர் மொரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில் எரிபொருளின் வெப்பத்தில் 26.2 வீதம் வேலையாக மாறியது. உலகம் திரும்பிப் பார்த்தது.

இன்று பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் டீசலின் இந்தக் கணக்கு உதவும். நுவரெலியாவின் தைமாத விடியலிலோ கனடாவின் பனியிலோ எஞ்சின் எழும்ப மறுத்தால், நெருக்கிய காற்றின் சூடு எங்கோ குறைகிறது அல்லது எரிபொருள் ஒழுங்காக வரவில்லை என்று பொருள். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்று வேண்டிய அளவு சூடாகாது.

ஆகவே செல்ப் அடிக்கும்போது முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டும். இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் பற்றரியையும் அதன் முனைகளில் பிடித்த பூஞ்சணத்தையும் பார்க்க வேண்டும். குளிரில் பற்றரியின் வலு குறையும், எஞ்சின் ஒயிலும் தடிக்கும். குளிருக்குப் பொருத்தமற்ற தடித்த ஒயில் இருந்தால் மாற்ற வேண்டும்.

நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அமுக்கிய பிறகு உடனே எழும்பினால், இரவில் டீசல் தாங்கிக்குத் திரும்பி வடிகிறது, எங்கோ காற்று இழுக்கிறது. கடுங்குளிர் நாடுகளில் டீசலில் உள்ள மெழுகு உறைந்தும் வடிகட்டி அடைக்கும். அங்கே குளிர்காலத்துக்கென்று தயாரித்த டீசலையே ஊற்ற வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தும் எழும்பவில்லை என்றால், டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை. இங்கேதான் ஹீற்றர் பிளக்கைச் சோதிக்க வேண்டும். அதன் வயரைக் கழற்றிவிட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வைத்தால், நல்ல பிளக்கில் விளக்கு எரியும், செத்ததில் எரியாது. எல்லாப் பிளக்கும் நல்லதாக இருந்தால், சாவியைத் திருப்பும்போது அவற்றுக்கு மின் வருகிறதா என்று ரிலேயைப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினும் சிரமப்பட்டே எழும்புமானால் அழுத்தம் குறைந்திருக்கக்கூடும். அதைக் கராச்சில் அளந்து பார்ப்பதே சரி. ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினின் காற்றுக்குழாயில் ஈதர் தெளிக்கக்கூடாது. அது நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

எழும்பாத எஞ்சினோடு மல்லுக்கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்தன. பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோல் விட்டு எழுப்பினோம். எஞ்சினுக்குத் தொடக்கத்தில் என்ன தேவை என்பதை எங்கள் மெக்கானிக்குகள் அன்றே விளங்கிக்கொண்டார்கள்.

டீசலின் பிற்காலம் அவரது எஞ்சினைப் போல் வலுவாக அமையவில்லை. உரிமைகளை விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். காப்புரிமை வழக்குகளும் தவறான முதலீடுகளும் அதைத் தின்றன. உடல்நலமும் கெட்டது. 1913 செப்டெம்பர் 29 இரவு, அன்ட்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன டிரெஸ்டன் என்ற கப்பலில் தன் அறைக்குச் சென்ற அவரை மறுநாள் காலை காணவில்லை. சில நாட்களின் பின் கடலில் மிதந்த ஓர் உடலிலிருந்து எடுத்த பொருட்களை அவரது மகன் அடையாளம் காட்டினார். உடல் கரைக்கு வரவில்லை. கடன்சுமையில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றே பெரும்பாலானோர் கருதுகின்றனர். கொலை என்ற பேச்சும் இன்றுவரை ஓயவில்லை. உடல் கிடைக்காத சாவு ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு முதலாம் உலகப்போர் தொடங்கியது. அவரது எஞ்சின் நீர்மூழ்கிக் கப்பல்களை ஓட்டியது. டீசல் லொறிகள் 1920களில்தான் சந்தைக்கு வந்தன. அவற்றை அவர் காணவில்லை. போரால் பட்டறையை இழந்த ஒருவரின் மகன் சிறு தொழிலாளருக்கென்று நினைத்த இயந்திரத்தைப் போர்களும் எடுத்துக்கொண்டன.

ஆனாலும் அவர் நினைத்த இடத்துக்கும் அது வந்து சேர்ந்தது. மீளக்குடியேறிய ஊர்களில் வயலை உழும் உழவு இயந்திரத்திலும், மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகும் பிக்கப்பிலும் ஓடுவது அவருடைய எஞ்சின்தான். விடியலில் அது எழும்பாவிட்டால் அன்றைய உழைப்பு போய்விடும். அதன் குறையைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அந்த நாளைக் காப்பாற்றிக்கொள்வார்.