நூலகம் கற்பித்த கணித ஆசிரியர்

யாழ்ப்பாணம் பொது நூலகத்தைப் பற்றிப் பேசாமல் நம் பழைய மாணவிகளின் ஒன்றுகூடல் எதுவும் முடிவதில்லை. அது கொழும்பில் நடந்தாலென்ன, கனடாவில் நடந்தாலென்ன. 1959இல் திறக்கப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலகம் உலகத் தரத்தில் அமைய ஆலோசனை வழங்கியவர் கலாநிதி எஸ். ஆர். ரங்கநாதன். அவரை நாம் நூலகர் என்றே அறிவோம். ஆனால் அவர் முதலிலும் முடிவிலும் ஓர் ஆசிரியர்.

தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, அரசாங்கக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். பேச்சில் திக்குதல் இருந்தும் வகுப்பறையையே நேசித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டபோது, அந்தத் தனிமை அவரைச் சில நாட்களிலேயே வாட்டியது. பழைய வேலையைத் திருப்பித் தரும்படி கல்லூரி அதிபரிடம் கேட்டார். முதலில் லண்டனுக்குப் போய் இத்துறையைப் படித்து வாரும், அதன் பின்னும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்பதாக ஏற்பாடாயிற்று.

லண்டனில் பேர்விக் செயர்ஸிடம் நூற்பகுப்புப் பயின்றார். ஏறக்குறைய நூறு நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டிப் பல உருவங்கள் செய்யும் அந்த விளையாட்டிலிருந்தே, ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்துக் குறியீடுகளால் இணைக்கும் எண்ணம் பிறந்தது. 1933இல் அது கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. 1925இல் ஊர் திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவில்லை.

அக்காலத்தில் நூலக வேலையை ஒருவரிடம் மற்றொருவர் பார்த்துப் பழகிக்கொண்டதே வழக்கம். அது போதாது என்பது ரங்கநாதனின் எண்ணம். 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பின்னர் பல்கலைக்கழகமே அதனைப் பொறுப்பேற்றது. 1937இல் அது ஓராண்டு டிப்ளோமாவாக வளர்ந்தது.

1931இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகள் என்னும் நூலை நம் வாசகிகள் தேடிப் பார்க்கலாம். யாவருக்கும் நூல் கிடைக்கவேண்டும் என்ற இரண்டாம் விதியை விளக்கும்போது, ஆண்களுக்கு உள்ள உரிமை பெண்களுக்கும் உண்டென்று அவர் வாதாடுகிறார். நம் பாட்டிமாரைக் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வீடுகளில் விவாதம் நடந்த காலம் அது.

இருபது ஆண்டுகள் விடுமுறையின்றி உழைத்தார். சாரதாவை மணந்த அன்று பிற்பகலும் நூலகத்துக்குப் போய்விட்டாராம்! அந்த அம்மையார் என்ன நினைத்தாரோ.

சென்னைக்குப் பின் காசி. 1947 முதல் டில்லி. டில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலை முதுமாணிப் பட்டத்துக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் உரிய பாடமாக்கினார். நூலகத்தில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு 1957இல் இந்தியாவின் முதலாவது நூலகவியல் கலாநிதிப் பட்டம் பதிலாயிற்று. எழுபது வயதில், 1962இல், பெங்களூரில் ஆவணவாக்க ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தைத் தொடங்கி, மறுபடியும் மாணவர் நடுவே அமர்ந்தார்.

இதற்கிடையே 1956இல், எளிய வாழ்க்கையில் சேமித்த ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார், நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை நிறுவ. அதற்குத் தம் பெயரைத் தனியே வைக்கவில்லை. சாரதா ரங்கநாதன் பேராசிரியர் பதவி என்றார். 1961இல் நிறுவிய அறக்கட்டளைக்கும் அம்மையாரின் பெயரே.

1972 செப்டெம்பர் 27இல் பெங்களூரில் காலமானார். ஒன்பது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் நடந்ததை அவர் அறியவில்லை.